குறுகிய வாசலும் கனத்த வண்டியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை. அதையொட்டி 4 அடி அகலத்தில் ஒரு சந்து கொல்லைப்புறம் வரை போகிறது. ஓய்வு பெற்றதும் நெடுநாள் ஆசைப்படி ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 பைக் வாங்கினேன். படிகளின் மேல் 6 அடி நீள இரும்புத் தகட்டைச் சாய்த்து, இரவில் வண்டியைச் சந்துக்குள் ஏற்றி நிறுத்துகிறேன். காலையில் பின்னோக்கி இறக்கும்போது, பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே இறங்குகிறது. எனக்கு வயது 59. என் உடல் வலு போதவில்லையா, வண்டியை விற்றுவிடுவதுதான் வழியா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: விற்க வேண்டாம். உங்கள் சிக்கலுக்கும் உடல் வலுவுக்கும் தொடர்பு மிகக் குறைவு. இருபத்தைந்து வயது இளைஞர் அதே தகட்டில் அதே வண்டியைப் பின்னோக்கி இறக்கினாலும் அது அப்படித்தான் வழுக்கும். சரிவில் முகம் மேலே பார்த்து நிற்கும் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி கீழே இருக்கும் பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. பக்கத்தில் நடந்துவரும் உங்கள் கைக்கு எட்டுவதோ முன்சக்கரத்தின் பிரேக் மட்டுமே. பாரம் குறைந்துபோன அந்தச் சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், அது சுழல்வதை நிறுத்திவிட்டுத் தகட்டின் மேல் அப்படியே சறுக்கும். பின்பிரேக் வண்டியின் வலப்பக்கம், காலடியில் இருக்கிறது. இடப்பக்கம் நடப்பவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேறொரு வழி உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு முதல் கியரில் போடுங்கள். கிளட்சை அழுத்தினால் வண்டி நகரும். விட்டால் என்ஜினின் இறுக்கமே பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். கிளட்சைச் சிறிது சிறிதாக அழுத்தி விட்டு, ஒரு சாண் ஒரு சாணாக இறக்கலாம். என்றாலும் இதை அவசரத்துக்கு உதவும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடப் பழக்கமாக்க நான் சொல்லமாட்டேன். உங்களுக்குக் கொல்லைப்புறம் இருக்கிறது. இரவில் வண்டியைச் சந்தில் விட்டுவிடாமல் கொல்லை வரை கொண்டுபோய், அங்கே திருப்பி, முகம் தெருவைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டால், காலையில் முன்னோக்கி இறங்கலாம். அப்போது பாரம் முன்சக்கரத்துக்கு வந்துவிடுவதால், இன்று கைவிடும் அதே பிரேக் நாளை உங்கள் சொல்படி கேட்கும்.

அடுத்தது தகடு. மூன்று படிகள் சேர்ந்து ஏறத்தாழ 45 செ.மீ. உயரம் இருக்கும். 6 அடித் தகட்டில் அது நான்கில் ஒரு பங்குச் சரிவு. கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. ஆகவே அந்தச் சரிவில் வண்டியை நகரவிடாமல் பிடித்து நிற்கவே கிட்டத்தட்ட 49 கிலோவின் இழுவையைத் தாங்க வேண்டும். தகட்டை 12 அடியாக்கினால் இது 24 கிலோவாகக் குறையும். செலவைக் குறைக்க 3 அடித் தகடு போடுபவர்களும் உண்டு; அதில் இழுவை 97 கிலோவுக்கு ஏறுவதோடு, தரையிலிருந்து 170 மி.மீ. உயரத்தில் இருக்கும் வண்டியின் அடிப்பகுதி மேல்விளிம்பில் இடிக்கவும் செய்யும்.

12 அடித் தகட்டைத் தெருவுக்குள் நீட்டினால் போக்குவரத்துக்கு இடைஞ்சல். சாக்கடையை மூடிச் சிமெண்டில் கட்டினால் ஆக்கிரமிப்பு என்று மாநகராட்சி இடிக்கும், இடிப்பதும் நியாயமே. சந்து உங்களுடையது என்பதால், கொத்தனாரை வைத்து அதன் தரையைக் கொத்தி, சரிவை வீட்டுப் பக்கமாக உள்ளே தள்ளிக்கொண்டுபோவதே நல்லது. வாசலில் ஒரு சிறிய தகடும் உள்ளே நீண்ட சரிவுமாக அமைத்தால் தெருவில் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் சரிவு எதுவானாலும், சந்தின் அகலம் முழுவதையும் அது விழுங்கிவிடக்கூடாது. 2 அடி வண்டிக்கு விட்டுவிட்டு, மீதி 2 அடியில் படிகள் படிகளாகவே இருக்கட்டும். நீங்கள் நடக்க வேண்டியது அந்தப் படிகளில்தான். தகட்டின் மேல் வண்டி, தகட்டுக்கு வெளியே கால் வைக்க இடமில்லாத ஆள் என்ற நிலையில்தான் பெரும்பாலான வண்டிகள் விழுகின்றன. தகட்டின் மேல்முனை நகராதபடி கொக்கி போட்டு மாட்டுவதும், வழுக்காத செக்கர் தகடாகப் பார்த்து வாங்குவதும் கட்டாயம்.

ஏற்றும்போது தள்ளி ஏற்றாதீர்கள். வண்டியின் இடப்பக்கம் நின்று, முதல் கியரில், ஆக்சிலேட்டரை மிகக் கொஞ்சமாகத் திருகி, கிளட்சை அரைகுறையாக விட்டால் வண்டி தானே ஊர்ந்து ஏறும். வேகத்தை ஆளவேண்டியது இடது கையின் கிளட்ச். வலது கை ஆக்சிலேட்டரோடு விளையாடக்கூடாது. ஏதோ சரியில்லை என்று தோன்றிய கணமே கிளட்சை முழுக்க அழுத்திவிட்டு, முன்பிரேக்கைப் பிடியுங்கள். சறுக்கத் தொடங்கினால் என்ஜினை அணைத்து, கியரிலேயே கிளட்சை விடுங்கள்.

சந்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஹேண்டில் பார் அகலம் 785 மி.மீ.; கண்ணாடிகள் அதற்கு மேலும் நீட்டிக்கொண்டிருக்கும். 4 அடி என்பது 1,219 மி.மீ. கண்ணாடிகளை உள்பக்கம் திருப்பிவிட்டு, வண்டியை வலச்சுவரை ஒட்டிக் கொண்டுபோனால் உங்களுக்கு ஒன்றேகால் அடிக்குச் சற்றே கூடுதலாக இடம் கிடைக்கும். ஒருக்களித்து நடக்க அது போதும், வண்டியைத் திருப்பப் போதாது. ஆகவே சந்தில் ஹேண்டிலை ஒடிக்கவே ஒடிக்காதீர்கள்.

கொல்லையில் திருப்புவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். 195 கிலோவும் உங்கள் கைக்கு வருவதில்லை. எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுதான் வருகிறது. வண்டியின் எடைமையம் ஹேண்டில் உயரத்தில் பாதியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 5 பாகை சாய்வில் கையில் விழுவது 8 அல்லது 9 கிலோ. 15 பாகையில் 25 கிலோ. 30 பாகையில் 49 கிலோ. எனவே வண்டியைத் துளி உங்கள் பக்கம் சாய்த்து, இருக்கையின் ஓரம் இடுப்பில் பதியும்படி வைத்து, இடுப்பாலேயே தாங்குங்கள். கைகள் வழிகாட்டத்தான். மறுபக்கம் சாயவிட்டால் மட்டும் யாராலும் பிடிக்க முடியாது, பிடிக்க முயலவும் கூடாது.

முன்னோக்கி நகரும்போது ஹேண்டிலை இடப்பக்கம், அதாவது உங்களை நோக்கி ஒடியுங்கள். பின்னோக்கித் தள்ளும்போது வலப்பக்கம். ஹேண்டில் ஒடிந்திருக்கையில் முன்பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே மடங்கி விழும். நேராக்கிவிட்டு மெதுவாகப் பிடியுங்கள். பின்னோக்கித் தள்ள வலது கையைப் பின்னிருக்கைக் கைப்பிடியில் வைத்தால் வசதியாக இருக்கும், ஆனால் அப்போது பிரேக் கைவசம் இல்லை என்பதால் சமதரையில் மட்டுமே அப்படிச் செய்யலாம்.

கேள்வி: மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அவனுடைய புல்லட் போர்ட்டிகோவில் நிற்கிறது. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட அதைச் சற்று நகர்த்த வேண்டியிருக்கிறது. என் உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 52 கிலோ. என்னால் முடியுமா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: முடியும் அம்மா. முதல் விதி, தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே வண்டியை நகர்த்திவிடுங்கள். ஈரமான டைல்ஸ் தரையில் உங்கள் கால் வழுக்கினால் மேலே சொன்ன எந்த முறையும் உதவாது. ரப்பர் செருப்பும் வேண்டாம். அடிப்பகுதி பிடிமானமுள்ள காலணி ஒன்றை அதற்கென்றே வாசலில் வைத்திருங்கள்.

போர்ட்டிகோ தரை தண்ணீர் வடிவதற்காகக் கேட்டை நோக்கிச் சற்றுத் தாழ்வாகவே போடப்பட்டிருக்கும். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் முகம் அந்தத் தாழ்வைப் பார்த்திருந்தால், நியூட்ரலில் அது முன்னே உருண்டு ஸ்டாண்டு மடங்கிவிடக்கூடும். முதல் கியரில் நிறுத்தச் சொல்லி மகனுக்குப் பழக்குங்கள். நீங்கள் நகர்த்தும்போது முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நியூட்ரலுக்கு மாற்றி, நகர்த்தி முடித்ததும் மீண்டும் கியரில் போட்டுவிடுங்கள். டயரில் காற்று குறைந்திருந்தால் தள்ளுவது இரட்டிப்புச் சுமையாகத் தோன்றும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்டர் ஸ்டாண்டு போடுவதைப் பலர் தூக்கும் வேலை என்று நினைத்து முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். இடது கையால் ஹேண்டிலை நேராகப் பிடித்து, வலக்காலால் ஸ்டாண்டை அழுத்தி, அதன் இரு கால்களும் தரையைத் தொடுகின்றன என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் 52 கிலோவையும் அந்த ஒற்றைக் காலில் இறக்கி, ஸ்டாண்டின் மேல் ஏறி நிற்பதுபோல் நில்லுங்கள். வண்டி தானே பின்னால் ஏறும். வலது கை திசை காட்டினால் போதும். இன்னும் எளிதாக வேண்டுமானால், முக்கால் அங்குலப் பலகை ஒன்றைப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து, அதன் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு ஸ்டாண்டு போடுங்கள். இறக்கும்போதுதான் வண்டி முன்னே ஓடப் பார்க்கும் என்பதால், வலது கை விரல்கள் அப்போது முன்பிரேக்கில் இருக்கட்டும்.

கேள்வி: கார் நிற்கும் இடத்தில் மிச்சமிருக்கும் மூலையில்தான் பைக்கை நிறுத்த வேண்டும். பட்டறையில் சக்கரம் வைத்த இரும்புப் பலகை செய்து, அதன் மேல் வண்டியை ஏற்றிச் சுற்றலாமா? சைடு ஸ்டாண்டின் மேலேயே வண்டியைச் சாய்த்துச் சுழற்றுகிறார்களே, அது சரியா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பலகை நல்ல யோசனை. நான்கு சக்கரம் வைத்தாலும், தரையில் சிறு மேடு பள்ளம் இருக்குமானால் எந்த நேரத்திலும் மூன்றுதான் பாரம் தாங்கும்; எனவே ஒவ்வொன்றும் 100 கிலோ தாங்கக்கூடிய சுழல் சக்கரங்களாகப் பாருங்கள், அவற்றில் இரண்டுக்காவது பூட்டு இருக்க வேண்டும். பலகை தாழ்வாக இருப்பது முக்கியம், இல்லையென்றால் அதன் மேல் ஏற்றுவதே தனிப் போராட்டமாகிவிடும். தரை வழவழப்பாகவும் சமமாகவும் இருந்தால் மட்டுமே இது பயன்படும். சரிவுள்ள போர்ட்டிகோவில் 195 கிலோவைச் சக்கரத்தின் மேல் வைப்பது ஆபத்து.

சைடு ஸ்டாண்டில் சுழற்றுவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த ஒற்றைக் காலும் அது பொருத்தப்பட்ட தாங்கியும் நிற்கும் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை, முறுக்குவதற்காக அல்ல. வேண்டாம்.

கேள்வி: அடுக்குமாடியின் அடித்தளத்தில் வண்டியைப் பின்னால் எடுப்பது பெரும்பாடு. பைக்குகளுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாதா?
(வாசகர், சென்னை)

பதில்: உண்டு. ஹோண்டா நிறுவனம் 1988-இல் கோல்டு விங் வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டே மெதுவாகப் பின்னோக்கி நகரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அது நம் 350 சி.சி. வண்டிகளைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு எடையுள்ள வகை. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் தம் வண்டியைக் கியரில் போட்டு, செல்ஃப் பட்டனை அழுத்தி முன்னே நகர்த்துகிறார்கள். மோட்டாரும் பேட்டரியும் சீக்கிரம் கெடும், அவ்வளவுதான் பயன்.

உங்கள் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியுமானால், வண்டியில் அமர்ந்தபடியே பின்னால் எடுக்கலாம். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். முன் ஷாக் அப்சார்பர் அமுங்கி எழும் நொடியில் பிரேக்கை விட்டு, கால்களால் உந்தினால், அந்த எழுச்சியே வண்டியைப் பின்னே நகர்த்தத் தொடங்கிக் கொடுக்கும். நின்றுகிடக்கும் வண்டியை அசைப்பதுதான் கடினம், அசைந்தபின் கால்கள் பார்த்துக்கொள்ளும். நுனிக்காலில் நிற்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். இறங்கித் தள்ளுவதே மேல்.

கேள்வி: இத்தனைக்கும் பிறகு வண்டி விழுந்துவிட்டால், ஆள் துணையில்லாமல் தூக்குவது எப்படி?
(வாசகர், சேலம்)

பதில்: விழும்போது கால் அடியில் சிக்காமல் விலகிவிடுங்கள். பின்பு என்ஜினை அணைத்து, பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வையுங்கள். தூக்கியபின் அது மறுபக்கம் போய்ச் சாயாமல் ஸ்டாண்டில் அமரும். இடப்பக்கம் விழுந்திருந்தால் அந்த வசதி இல்லை, நிமிரும் தறுவாயில் வேகத்தைக் குறைக்க வேண்டும். உருளாமல் இருக்க, முடிந்தால் முதல் கியரில் போடுங்கள்.

முன்பக்கம் குனிந்து இழுத்தால் முதுகுதான் போகும். ஹேண்டிலைத் தரைப்பக்கம் முழுக்க ஒடித்து, வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் ஓரத்தில் பிட்டம் பதியக் குந்துங்கள். ஒரு கையால் தரைப்பக்க ஹேண்டில் பிடியையும், மறு கையால் பின்கைப்பிடியையும் பிடித்து, முதுகை நேராக வைத்து, தொடைகளின் வலுவால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடங்கள். இடுப்பில் வலி உள்ளவர்கள் இதையும் முயலாமல் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவது நல்லது.

நிமிர்த்தியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சில நிமிடம் விட்டு, கிளட்ச், பிரேக் நெம்புகோல்கள் வளைந்திருக்கின்றனவா, ஹேண்டில் இரு பக்கமும் தடையின்றித் திரும்புகிறதா என்று பாருங்கள். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில், வண்டி கவிழ்ந்தால் எரிபொருளை நிறுத்திவிடும் கருவி இருக்கிறது. அவை சாவியை ஒருமுறை அணைத்துத் திருப்பிப் போட்டால்தான் கிளம்பும், அதைக் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கை அழைக்க வேண்டியதில்லை.