அண்டார்க்டிகா பட்டையாக நீள்வது, 3031 போட்டதும் மாயமாவது

ஏற்காட்டுச் சார்னோகைட் பாறையையும் அண்டார்க்டிகாவையும் ஒரே கோண்ட்வானா (இந்தியாவும் அண்டார்க்டிகாவும் சேர்ந்திருந்த பழைய பெருங்கண்டம்) வரைபடத்தில் வைக்கப் பார்த்தால், கண்டம் அடியில் பட்டையாக நீள்கிறது, 3031 (தென் துருவத்தை நடுவில் வைத்து மீட்டரில் அளக்கும் வரைபட முறையின் எண்) கொடுத்தால் காணாமல் போகிறது என்று கேட்டிருந்தீங்க.

காணாமல் போகலை, துருவத்தில் புள்ளியாகக் கிடக்கு. நீங்க கியூஜிஸ் மென்பொருளில் 'அசைன் புரொஜெக்‌ஷன்' கொடுத்திருப்பீங்க. அது பெயரை மட்டும் மாற்றும். 180 டிகிரியை 180 மீட்டராகப் படித்துவிடும். வேண்டியது ராஸ்டர் மெனுவில் இருக்கும், இடங்களையே புதிதாகக் கணக்கிடும் 'வார்ப்'. முதலில் 60° தெற்கோடு வெட்டிவிட்டு, 4326-லிருந்து (டிகிரியில் அளக்கும் அட்சரேகை-தீர்க்கரேகை முறை) இபிஎஸ்ஜி 3031-க்கு மாற்றுங்க. காந்தப்புலத் தரவுக்கு பைலீனியர் (பக்கத்து மதிப்புகளைச் சராசரியாக்கும் முறை) சரி. பாறைக் குறியீடுகளுக்கு நியரஸ்ட் நெய்பர் (அருகிலுள்ள மதிப்பை அப்படியே எடுக்கும் முறை) மட்டும்தான். இல்லாவிட்டால் 2-க்கும் 6-க்கும் நடுவில் 4 என்று இல்லாத பாறை முளைக்கும்.

கண்டத்தைப் பழைய இடத்துக்கு நகர்த்த ஜிபிளேட்ஸ் மென்பொருள்தான். எல்லைக்கோடுகளை 4326-லேயே கொண்டுபோய், வயதை 150 மில்லியன் ஆண்டு என்று வையுங்க. இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்தது சுமார் 130 மில்லியன் ஆண்டுக்கு முன், அதனால் 150-ல் இரண்டும் ஒட்டியே இருக்கும்.

எனக்கு உறுத்துவது ஒப்பீடுதான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சார்னோகைட் சுமார் 250 கோடி ஆண்டு. அண்டார்க்டிகாவில் எண்டர்பி லேண்டின் நேப்பியர் பாறைத் தொகுதியிலும் அதே காலத்து உருமாற்றம் (வெப்பம், அழுத்தத்தால் பாறை மாறுவது) உண்டு. வயது ஒத்துப்போனால் மட்டும் ஒட்டியிருந்தன என்று ஆகிவிடாது. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பட்டையும் அண்டார்க்டிகாவின் ரேனர் தொகுதியும் பகிர்வது 100–90 கோடி ஆண்டு உருமாற்றத்தை. சுமார் 55 கோடி ஆண்டு காட்டும் அண்டார்க்டிகாவின் லுட்சோ-ஹோல்ம் தொகுதிக்கு இணை வேண்டுமென்றால் பாலக்காடு–காவிரி மண்டலத்துக்குத் தெற்கே, மதுரைப் பக்கம் போங்க, ஏற்காட்டில் தேடாதீங்க.

அண்டார்க்டிகாவில் பெரும்பகுதி பனிக்கடியில். பாறை தலைகாட்டாத இடத்தில் எல்லையைப் புள்ளிக்கோடாகவே போடுங்க, வைவாவில் அங்கேதான் பிடிப்பாங்க.