மறுபடியும் ஒப்புக்கொடுக்க வெட்கமாக இருக்கிறது

கேள்வி: நான் இரண்டு குழந்தைகளின் தாய். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. 16 வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ஆண்டவருக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். அதற்குப் பிறகும் நாலைந்து முறை கூட்டங்களில் ஒப்புக்கொடுக்க அழைத்தபோது முன்னால் போய் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண்ணீர், சந்தோஷம், ஒரு மாத வைராக்கியம். அப்புறம் பழையபடி மாமியாரிடம் எரிந்து விழுகிறேன். வேதத்தைத் திறக்காமலே நாட்கள் போகின்றன. அடுத்த மாதம் எங்கள் ஊரில் கூட்டம். மறுபடியும் எழுந்து போக வெட்கமாக இருக்கிறது. நான் சொன்னதெல்லாம் பொய்யா?
- ஒரு சகோதரி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரி, பொய் இல்லை. வாயளவில் சொன்ன வார்த்தையாக இருந்திருந்தால் அது என்றைக்கோ மறந்துபோயிருக்கும். இத்தனை வருஷம் கழித்து உங்களை உட்கார்ந்து கடிதம் எழுத வைத்திருக்காது.

ஒரே முறை சரியாக ஒப்புக்கொடுத்துவிட்டால் அது ஆயுளுக்கும் போதும், மறுபடி தேவைப்பட்டால் முதலில் செய்தது கோணல் என்று நினைக்கிறீர்கள். இரட்சிப்பு தினமும் புதிதாக வாங்கவேண்டியது இல்லைதான். சிலுவையில் அது முடிந்துவிட்டது. ஆனால் ஆண்டவர் பின்னே நடப்பது வேறு. சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றச் சொன்ன வசனம் மத்தேயு 16-லும் மாற்கு 8-லும் இருக்கிறது. லூக்கா 9:23-இல் மட்டும் கூட ஒரு சொல் வருகிறது: 'அனுதினமும்'. நேற்று எடுத்ததை இன்றைக்கும் எடுக்கவேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரிந்தே இருந்தது.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். உங்களுக்காக அதை மெதுவாக வாசித்தேன். பலிபீடத்தின் நெருப்பு அவியக்கூடாது. அதற்கு ஆசாரியன் காலைதோறும் கட்டைகளைப் போடவேண்டும். அதற்கு முன்னால் சொல்லியிருக்கும் வேலையைப் பாருங்கள். சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு சாம்பலை எடுக்கவேண்டும். பிறகு வேறு உடை உடுத்தி, அந்தச் சாம்பலைப் பாளயத்துக்குப் புறம்பே கொண்டுபோகவேண்டும்.

விறகு அடுப்புக் காலத்தில் என் ஆச்சியும் அப்படித்தான். விடிந்ததும் குனிந்து, ராத்திரிச் சாம்பலை ஒரு பழைய தகரத்தில் அள்ளுவாள். அடியில் நாலு கங்கு சிவப்பாகக் கிடக்கும். அதன்மேல் தென்னம்பாளையை முறித்து வைத்து ஊதுகுழலால் இரண்டு ஊது ஊதினால் பற்றிக்கொள்ளும். சாம்பல் அள்ளாத அடுப்பில் காற்று புகாது. எவ்வளவு விறகு வைத்தாலும் வீடு முழுக்கப் புகைதான்.

உங்கள் வைராக்கியம் ஒரு மாதத்தில் அடங்குவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் ஒரே நாளில் நிறைய விறகு வைக்கிறீர்கள். சாம்பலைத் தினமும் அள்ளுவதில்லை. அதனால் காலையில் முதலில் அதைச் செய்யுங்கள். 'என் பாவங்களை மன்னியும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவேண்டாம். நேற்று மாமியாரிடம் என்ன சொன்னீர்களோ அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் அடுப்படியில் அவர்களிடமும், "நேத்து கத்திட்டேன் அத்தை, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். கஷ்டம்தான். ஆனால் சாம்பல் வீட்டுக்கு வெளியே போவது அப்போதுதான்.

அப்புறம் விறகு. ஒரு சங்கீதத்தில் ஐந்து வசனம் போதும், குக்கர் விசில் அடிப்பதற்குள் வாசித்துவிடலாம். பிறகு அந்த நாளை, அந்த ஒரு நாளை மட்டும், ஒப்புக்கொடுங்கள். "ஆண்டவரே, இன்றைக்கு மாதக் கடைசி. கணக்கு முடித்து ராத்திரி எட்டு மணிக்குக் களைத்துப்போய் வீட்டுக்குள் நுழைவேன். அந்த வாசற்படியில் என் நாக்கு உம்முடையதாக இருக்கட்டும்." 'என் முழு வாழ்க்கையும் உமக்கே' என்று பாடுவது எளிது. வாசற்படியைக் கொடுப்பதுதான் கடினம், ஆனால் அங்கேதான் நீங்கள் தினமும் தோற்கிறீர்கள்.

ஒன்றும் உணராத காலைகள் வரும். வரட்டும். அந்தப் பலிபீடத்து நெருப்பை ஆசாரியனாகிய ஆரோன் மூட்டவில்லை. அது கர்த்தருடைய சந்நிதியிலிருந்து புறப்பட்டது என்று லேவியராகமம் 9:24 சொல்கிறது. நெருப்பு அவருடையது, கட்டை போடுவது நம்முடையது. நாலு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் நாலு நாளுக்கும் சேர்த்து வாசிக்க உட்காராதீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆகாரமாக வந்த மன்னாவும் அன்றன்றைக்குத்தான் விழுந்தது. விடியுமட்டும் வைத்திருந்தது புழுத்து நாறியது. புலம்பல் 3-இல் அவருடைய இரக்கங்கள் 'காலைதோறும் புதியவைகள்' என்று எழுதியிருக்கிறதே, உங்கள் ஐந்தாம் நாள் காலைக்கும் அது பொருந்தும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். போங்கள். அழைக்கும்போது மனம் ஏவினால் எழுந்து முன்னால் போங்கள். 1755-இல் லண்டனில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தங்களை ஆண்டவருக்கு மறுபடி ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனை நடத்தியது ஏற்கனவே விசுவாசத்தில் இருந்தவர்களை வைத்துத்தான். மெதடிஸ்டு சபைகளில் இன்றும் புதுவருஷத்தில் அந்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறார்கள். யாரும் வெட்கப்படுவதில்லை.

போகும்போது இது எத்தனையாவது முறை என்று எண்ணாதீர்கள். சீஷனான பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் அவனுக்காகக் காத்திருந்தபோதும் கரிநெருப்பு போட்டிருந்தது. மேலே மீன், பக்கத்தில் அப்பம். "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டது அப்புறம்தான். முதலில் அவர் சொன்னது, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்."