மாமனாரின் ஃபவுண்டரியில் தொடங்கி நான்காம் தலைமுறை வரை: கோஹ்லர் குடும்பத்தின் கதை

கேள்வி: பைப், குழாய், பாத்ரூம் சாமான் தொழிலில் பல தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் நிறுவனம் ஏதாவது உண்டா? எப்படித் தாக்குப்பிடித்தது?

உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் கோஹ்லர். 1873-ல் தொடங்கியது. இன்று அதன் தலைமையில் இருக்கும் டேவிட் கோஹ்லர், நிறுவியவரின் கொள்ளுப்பேரன். கோவையில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையாக சானிட்டரி கடை இருக்கிறது. இந்தப் பெயர் போட்ட குழாய்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்ததில், யார் இந்தக் குடும்பம் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அந்த நிறுவனம் நிலைத்ததற்குக் குடும்பத்தின் சாமர்த்தியம் பாதிதான் காரணம் என்று தோன்றியது. மீதிப் பாதி உலைக்கு முன்னால் நின்றவர்களுடையது.

ஜான் மைக்கேல் கோஹ்லர் ஆஸ்திரியாவில் 1844-ல் பிறந்தவர். பத்து வயதில் குடும்பத்துடன் அமெரிக்கா வந்தார். ஊர் ஊராகச் சென்று ஆர்டர் பிடிக்கும் விற்பனையாளர் வேலை பார்த்தபோது, ஷெபாய்கன் என்ற ஊரில் ஃபவுண்டரி, அதாவது இரும்பு வார்க்கும் பட்டறை, வைத்திருந்த ஜேக்கப் வோல்ராத்தின் மகளைத் திருமணம் செய்துகொண்டார். 1873-ல் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து மாமனாரின் ஃபவுண்டரியை விலைக்கு வாங்கினார். அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாக விழுந்த வருடம் அது. ஏர் முதலான விவசாயக் கருவிகள், குதிரை கட்டும் தூண், கல்லறைச் சிலுவை என்று எது கேட்டாலும் வார்த்துக் கொடுத்தார்கள். 1880-ல் தீப்பிடித்து ஃபவுண்டரியே போயிற்று. மறுபடி கட்டினார்கள்.

1883-ல்தான் திருப்பம். குதிரைக்குத் தண்ணீர் காட்டவும், அறுத்த பன்றியை வெந்நீரில் போட்டு முடி களையவும் பயன்படும் வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றை அவர்கள் விற்று வந்தார்கள். அதன்மேல் எனாமல் பூசி, நான்கு கால் வைத்தால் குளிக்கும் தொட்டியாகவும் ஆகும் என்று கேட்லாக்கில் போட்டார் ஜான் மைக்கேல். முதல் தொட்டியை ஒரு பசுவுக்கும் பதினான்கு கோழிகளுக்கும் பதிலாக ஒரு விவசாயி வாங்கிக்கொண்டார் என்று அந்த நிறுவனத்தில் சொல்வார்கள். கதையோ நிஜமோ, எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் புதிய தொழிலுக்குத் தாவவில்லை. வார்ப்பு அவர் கையில் இருந்தது. எனாமல் பாத்திரம் மாமனாரின் புதுக் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்தார், அவ்வளவுதான்.

அந்த எனாமல் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். மணல் அச்சில் வார்த்த தொட்டியை உலைக்குள் தள்ளிச் செக்கச் செவேலென்று காய்ச்சுவார்கள். வெளியே இழுத்ததும், நீளக் காம்பு வைத்த சல்லடையால் கண்ணாடித் தூளை அதன்மேல் சீராகத் தூவ வேண்டும். சூட்டில் தூள் உருகி இரும்போடு ஒட்டும். திரும்ப உலைக்குள், திரும்ப வெளியே, திரும்பத் தூவல். ஒரு மூலையில் தூள் அதிகமானால் திட்டாகிவிடும், குறைந்தால் இரும்பு தெரியும். எவ்வளவு தூவினால் போதும் என்பதைக் கண்ணும் கையும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அதையும் அந்த அனலில் நின்றுகொண்டு. கோவையில் ஃபவுண்டரி பக்கம் போயிருப்பவர்களுக்கு அந்தச் சூடு என்னவென்று தெரியும்.

ஜான் மைக்கேல் 1900-ல் இறந்தார். புதிய ஆலைக்கு மாறிய சமயம் அது. 1901-ல் அங்கும் தீ. 1904-ல் ஒரு மகன், 1905-ல் இன்னொரு மகன் இறந்தார்கள். ஐந்தே வருடத்தில் மூன்று சாவு. பொதுவாக ஒரு குடும்பத் தொழில் இந்த இடத்தில்தான் கைமாறும். மிஞ்சியவர்களில் மூத்த மகன் வால்டர் விற்கவில்லை, தலைமை ஏற்றார். ஆலையைச் சுற்றி ஒரு கிராமத்தையே திட்டமிட்டுக் கட்டினார். 1912-ல் அது கோஹ்லர் என்ற பெயரிலேயே தனி ஊராட்சி ஆனது. வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்குவதற்கு 1918-ல் அமெரிக்கன் கிளப் என்ற பெரிய விடுதி கட்டினார். பாத்ரூமில் எல்லா சாமானும் ஒரே நிறத்தில் இருக்கலாம் என்ற யோசனையை 1927-ல் கடைக்குக் கொண்டுவந்ததும் அவர் காலத்தில்தான். 1929 முதல் 1931 வரை மாநில ஆளுநராகவும் இருந்தார்.

இத்தனை செய்தவரின் ஊரில்தான் 1934-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சொந்தமாகச் சங்கம் வேண்டும் என்று தொழிலாளர்கள் ஜூலையில் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். ஜூலை 27 இரவு, கல்வீச்சுக்குப் பிறகு ஊர்க்காவலுக்கு நிறுத்தப்பட்டவர்கள் சுட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள், நாற்பது பேருக்கு மேல் காயம். வீடும் தோட்டமும் கொடுத்த முதலாளிக்கு, கூலியைப் பற்றிப் பேச எதிரே ஒரு ஆள் உட்காருவது பொறுக்கவில்லை. நல்ல முதலாளி என்று பேர் வாங்கியவர்களிடம் இதை நான் நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

வால்டர் 1940-ல் இறந்ததும் அவருடைய மாற்றாந்தாய் மகன் ஹெர்பர்ட் பொறுப்புக்கு வந்தார். ஜான் மைக்கேல் முதல் மனைவி இறந்த பிறகு அவருடைய தங்கையையே மணந்துகொண்டார். அந்தக் கொழுந்தியா வழிப் பிள்ளை இவர். வால்டரின் மகன் வால்டர் ஜூனியர் ஒதுங்கிப் போய், 1947-ல் வோல்ராத் கம்பெனிக்குத் தலைவரானார். அதாவது கொள்ளுத்தாத்தா வழி எனாமல் பாத்திரத் தொழில்! பிறகு அவரும் ஆளுநரானார். பங்காளிச் சிக்கல் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

ஹெர்பர்ட் காலத்தில் 1954 ஏப்ரலில் அடுத்த ஸ்ட்ரைக் வெடித்தது. சங்கம் கேட்டவற்றில் ஒன்று, எனாமல் பிரிவில் எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பிட ஒரு இடைவேளை. தொட்டி உலைக்குள் வேகும் இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுக்கொள்ளலாமே என்பது நிறுவனத் தரப்பின் பதில். அந்தச் சூட்டில் நின்றவனுக்கு ஐந்து நிமிடத்தில் சோறு! இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஸ்ட்ரைக் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஊரில் ஒரே குடும்பத்துக்குள் அண்ணன் தம்பி பேசாமல் போனார்கள். ராபர்ட் கென்னடி வழக்கறிஞராக இருந்த செனட் குழு 1958-ல் இதை விசாரித்தது. நிறுவனம் நியாயமாகப் பேச்சுவார்த்தை நடத்தவில்லை என்று 1960-ல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்தது. 1965-ல்தான் நிலுவைச் சம்பளமாக 30 லட்சம் டாலரும், ஓய்வூதியத்துக்காக 15 லட்சம் டாலரும் தர ஒப்புக்கொண்டார்கள்.

சரி, குடும்பத்தின் கையை விட்டு எப்படிப் போகாமல் இருந்தது என்று கேட்டீர்கள். அதற்கான பதில் ஹெர்பர்ட்டின் மகன் ஹெர்பர்ட் ஜூனியரிடம் இருக்கிறது. 1972-ல் தலைவரானவர், 2015 வரை நிர்வாகத்தை நடத்தினார். 1978-ல் இருபது பங்குகளை ஒன்றாகச் சுருக்கி, சிதறிக் கிடந்த சின்னச் சின்னப் பங்குகளைக் குறைத்தார். 1998-ல் பங்கு அமைப்பையே மாற்றி, குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்களிடம் இருந்ததைத் திரும்ப வாங்கினார். விலை போதாது என்று வழக்குப் போட்டவர்களோடு 2000-ல் சமரசம். பங்குச் சந்தைப் பக்கம் அவர் போகவே இல்லை. காலாண்டு லாபம் கேட்டு யாரும் கழுத்தைப் பிடிக்காததால், பலன் தர வருடக்கணக்காகும் காரியங்களிலும் பணம் போட முடிந்தது. தொழிலாளர் விடுதியை 1981-ல் ஆடம்பர ஹோட்டல் ஆக்கினார், கோல்ஃப் மைதானங்கள் அமைத்தார். 1974-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் சிற்பக் கலைஞர்கள் ஆலைக்குள்ளேயே வந்து, தொழிலாளர்களுடன் அதே வார்ப்பிரும்பிலும் பீங்கானிலும் வேலை செய்கிறார்கள். அவர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

தலைமுறைக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 150 வருடத்துக்கு நான்கு தலைமுறைதான் ஆகியிருக்கிறது, ஏனென்றால் இரண்டாம் மனைவியின் மகன் ஹெர்பர்ட் பிறந்ததே 1891-ல். சாவிக்கொத்து அடிக்கடி கைமாறவில்லை. நம் ஊர்க் கடைகளில் 150 வருடத்துக்குள் ஆறு தலைமுறையும் அத்தனை பாகப்பிரிவினையும் வந்துவிடும்.

ஹெர்பர்ட் ஜூனியர் 2022-ல் காலமானார். அதற்கு முன்பே 2015-ல் டேவிட் தலைமை நிர்வாகி ஆகியிருந்தார். அவர் வந்த அதே வருடம் நவம்பரில் சுமார் 2,000 பேர் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். பழைய ஆட்களுக்கு ஒரு சம்பளம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் குறைந்த சம்பளம் என்ற ஏற்பாட்டை எதிர்த்து. இந்த முறை ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒப்பந்தம் ஆகிவிட்டது.