சொட்டவில்லையே, அப்புறம் என்ன?

கேள்வி: அப்பா ஓட்டிய முப்பது வருடப் பழைய கார்புரேட்டர் கார் என்னிடம் இருக்கிறது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது. சமதளத்தில் ஒழுங்காக ஓடும்; மேடு வந்தால் திணறி நிற்கப் பார்க்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் அந்தக் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. பெட்ரோல் ஹோஸ் பழசாகியிருக்குமோ என்று கேட்டால், “ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே அம்மா” என்கிறார் மெக்கானிக். ஒழுகாத ஹோஸை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள் அம்மா. அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். “ஒழுகவில்லையே” என்று நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

உங்கள் காலத்து வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கும். டேங்க் பின்னால், தாழ்வாக இருக்கும். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள நீளம் முழுக்க உறிஞ்சும் பாதை. ஸ்ட்ராவில் ஊசியால் ஒரு துளை போட்டு உறிஞ்சிப் பாருங்கள். துளை வழியே ஒன்றும் வெளியே வராது, காற்றுதான் வாய்க்கு வரும். ஹோஸில் வெடிப்பு விழுந்தாலும் அதே கதை. மேட்டில் இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும், டேங்கும் இன்னும் கீழே போய்விடுகிறது. பம்ப் பலமாக இழுக்கும்போது வெடிப்பு வழியே காற்று புகுந்துவிடும். ராத்திரியில் அதே வெடிப்பு வழியாகக் காற்று நுழைய, லைனில் நின்ற பெட்ரோல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் நீங்கள் அடிக்கிற செல்ஃப் எல்லாம் அந்தக் காலி ஹோஸை நிரப்பத்தான்.

ஹோஸில் கை வைக்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை. மேட்டில் திணறும்போது ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அப்புறம் வண்டி சுகமாக ஓடினால், மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. திணறலுக்கு ஹோஸ் காரணமில்லை. சத்தமே இல்லையென்றால், பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றை மாட்டச் சொல்லி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டுப் பாருங்கள். குமிழ் குமிழாக ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. சூடான இன்ஜினில் பெட்ரோலே ஆவியாகிக் குமிழ் காட்டும், அதை நம்ப வேண்டாம்.

ஹோஸை வெளியில் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். ஒரு வண்டிக்குப் பம்ப் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், கார்புரேட்டரை மூன்று நாள் மேசையில் வைத்துக் குடைந்தேன். கடைசியில் எரிச்சலில், கறுகறுவென்று புதுசு மாதிரி இருந்த ஹோஸைக் கழற்றிப் பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். உள்தோல் ஒரு விரற்கடை நீளத்துக்கு உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓட்டினால் நாக்கு ஓரமாகப் படுத்திருக்கும். வேகம் எடுத்தால் எழுந்து வழியை மறிக்கும். அந்தப் பம்புக்குக் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாற்றும்போது வெடித்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போடாதீர்கள். எல்லாம் ஒரே வயது ரப்பர். டேங்க் பக்கத்துத் துண்டு, பம்ப் பக்கத்துத் துண்டு, மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் இருந்தால் அதுவும், ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். நடுவில் ஓடும் இரும்புப் பைப்பையும் பாருங்கள், குறிப்பாக அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில். சேறும் ஈரமும் தங்கித் துரு அங்கேதான் தின்னும். துரு தின்ற பைப்பை வெட்டி எடுத்துவிட்டு நடுவில் முழ நீளத்துக்கு ரப்பர் மாட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பைப்புக்குப் பைப்புதான் போட வேண்டும். செம்பு-நிக்கல் கலவைப் பைப் வளைக்க எளிது, துருவும் பிடிக்காது.

கேள்வி: என்னுடையது இன்ஜெக்‌ஷன் வந்த புதிதில் வாங்கிய கார். ஹோஸை நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். கடையில் “பெட்ரோல் ஹோஸ்” என்று கேட்டால் போதாதா?

பதில்: போதாது. கார்புரேட்டர் வண்டியில் பம்ப் தள்ளுவது சுமாராக 3 முதல் 6 பிஎஸ்ஐ அழுத்தம். கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அழுத்தத்தில் பீச்சும் உங்கள் வண்டியில் பெரும்பாலும் 35-க்கு மேல், சிலவற்றில் 60 வரை போகும். கார் டயரிலேயே முப்பது சொச்சம்தான். ஹோஸின் முதுகில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 (SAE J30 R7) என்ற தரக் குறி இருந்தால் கார்புரேட்டருக்கு. உங்களுக்கு வேண்டியது ஆர்9. அதன் உள்பூச்சு எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்கும். டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கும் துண்டாக இருந்தால் அதற்கு ஆர்10 என்று தனி ரகம். எழுத்தே இல்லாத ஹோஸை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஹோஸைப் பைப்போடு இறுக்கும் கிளாம்பும் அப்படித்தான். பல் வெட்டிய சாதாரண கிளாம்ப் ரப்பருக்குள் இறங்கி அறுத்துவிடும். விளிம்பு சுருட்டி, பட்டை வழவழப்பாக இருக்கும் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் கேளுங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் லைனில் நிற்கிற அழுத்தத்தை இறக்குங்கள். பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். இன்ஜின் நன்றாக ஆறட்டும். அப்படியும் ஹோஸைக் கழற்றும்போது கொஞ்சம் பீச்சும். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு கழற்றுங்கள். மைனஸ் 40 டிகிரியில்கூடப் பெட்ரோலிலிருந்து தீப்பற்றும் ஆவி கிளம்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் குழிக்குள் இறங்கிச் செய்ய வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். குண்டு பல்பு விளக்கு அருகில் வேண்டாம். கீழே விழுந்து உடைந்தால் அந்த ஒரு பொறி போதும். எல்ஈடி டார்ச் போதும். பவுடர் தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள், வாளித் தண்ணீர் இதற்கு ஆகாது.

புது ஹோஸைக் கூரான பிளேடால் நேராக வெட்டுங்கள். ரம்பம் போட்டால் ரப்பர்த் தூள் உள்ளே போய் இன்ஜெக்டரில் உட்காரும். ஹோஸ் பைப்பின் மேல் ஒரு அங்குலம் ஏற வேண்டும், கிளாம்ப் பைப் முனையில் உள்ள புடைப்பைத் தாண்டி உட்கார வேண்டும். புடைப்பின் மேலேயே இறுக்கினால் ஒருநாள் கழன்று வரும். முடித்ததும் ஃப்யூஸையும் பேட்டரியையும் மாட்டி, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் மூன்று நான்கு தடவை போட்டு அணையுங்கள். பம்ப் லைனை நிரப்பிவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

கேள்வி: வழியில் ஹோஸ் வெடித்தால், எபாக்ஸி பசையோ டேப்போ சுற்றி வீடு வந்து சேரலாமா?

பதில்: கூடாது. ரப்பர் அதிர அதிரப் பசை விட்டுப்போகும், டேப்பின் கோந்தைப் பெட்ரோலே கரைத்துவிடும். கீழே இருப்பது சூடான சைலன்சர் பைப். வண்டியைக் கட்டி இழுத்து வாருங்கள். மீன் தொட்டிக்குப் போடும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டிக்கொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். என்னிடம் வந்தபோது அது மஞ்சளேறிக் கட்டையாகியிருந்தது. கையால் வளைத்தேன், சுண்ணாம்புக் குச்சி மாதிரி இரண்டாக ஒடிந்தது.