ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் தமிழ் எழுத்துகளைக் கணினியில் நகலெடுப்பது எப்படி?

வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு பட்டியலை வைத்துக்கொண்டுதான் நீங்களும் தவிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு நான்கு பேராவது இதே கேள்வியோடு படியேறுகிறார்கள்.

வழி எளிது. படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கில் கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் மேலே படமும் கீழே எழுத்துகளும் வரும். படம் 2 எம்பிக்குள் இருக்கட்டும். எழுத்தின் உயரம் 10 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கித் தெளிவு கெட்டுவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஆதார், பத்திரம் போன்றவற்றை இணையத்தில் ஏற்றப் பயமாக இருந்தால் டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழ்த் தரவுக் கோப்பையும் சேர்த்து நிறுவினால் இணையமே வேண்டாம்.

ஆனால் வந்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி உச்சிமேடு பக்கமெல்லாம் தண்ணீர். சில வாரங்கள் கழித்து அங்கிருந்து ஒரு பெரியவர் வந்தார். குடிசைச் சேதப் பட்டியல் என்று யாரோ அனுப்பிய ஆறு ஸ்கிரீன்ஷாட்டுகள் அவர் பேரனின் கைப்பேசியில் இருந்தன. "என் பெயர் இருக்கிறதா பார், தம்பி" என்றார். ஆறையும் எழுத்தாக மாற்றி, 'சேகர்' என்று தட்டித் தேடினேன். ஒன்றும் வரவில்லை. "உங்கள் பெயர் இல்லை, ஐயா" என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பத்து ரூபாயை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கடையை மூடும் நேரத்தில் மனம் கேட்காமல் படங்களைப் பெரிதாக்கி வரிவரியாகப் படித்தேன். ஐந்தாவது படத்தில், தந்தை பெயரோடு அவர் இருந்தார்.

இயந்திரம் 'ர்' என்பதைத் துணைக்காலும் அதன்மேல் ஒரு புள்ளியுமாகப் படித்து 'சேகா்' என்று எழுதியிருந்தது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்; கணினிக்கு வெவ்வேறு சொற்கள். கால் தட்டிப் புள்ளி வைக்கும் பழைய தட்டச்சுப் பழக்கத்தில் உருவான கோப்புகளிலும் இதே கோளாறு உண்டு. அன்றிரவே பேரனுடைய எண்ணுக்குப் பேசினேன். பெரியவர் சாப்பிடாமல் படுத்துவிட்டதாகச் சொன்னான். எழுப்பிச் சொல்லச் சொன்னேன்.

கவனக்குறைவுக்கு மென்பொருளைக் குறை சொல்லாதே என்று சிலர் எழுதுவீர்கள். குற்றம் என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் கணினியில் தட்டிய பட்டியலைப் படம் பிடித்து அனுப்பும் பழக்கம் எதற்கு? மூலக் கோப்பையே அனுப்பியிருந்தால் இந்த வேலையே இல்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்படி எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கொடுத்தால், "இயந்திரம்தானே செய்தது, பக்கத்துக்கு முப்பது ரூபாயா?" என்று பேரம் பேசுகிறார்கள். தமிழ்த் தட்டச்சில் மேல்நிலைத் தேர்வு எழுதித் தேறியவன் நான். என் கண்ணுக்கும் கூலி உண்டு.

எழுத்துகளை எடுத்ததும் முதல் வேலையாக, கண்டறிந்து மாற்றும் (Find and replace) வசதியில் மேல் கட்டத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்த 'ா்', கீழ்க் கட்டத்தில் 'ர்' என்று கொடுத்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். மேல் கட்டத்துக்கு உரியதைத் தட்ட வராவிட்டால், வந்த உரையிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள். புல எண், கணக்கு எண் இருந்தால் அவற்றை மட்டும் படத்தைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் படிக்க இன்னொருவர் பாருங்கள்.