நோயாளி எதிரே போனில் மருந்து விவரம் பார்க்கலாமா?

மருத்துவமனை பார்மசியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் போல. கவுண்டரில் நின்று போனில் மருந்து விவரம் பார்த்தால் 'ஒன்றும் தெரியாதவர்' என்று நினைப்பார்களா என்கிறீர்கள். நினைப்பார்கள். நினைத்தாலும் பாருங்கள்.

2004-இல் காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். டாக்டரின் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்தபோது பழைய பாம் (Palm) கைக்கணினி ஒன்றை விட்டுப் போனார். குச்சியால் தட்ட வேண்டும். பேட்டரி தீர்ந்ததைக் கவனிக்காவிட்டால் ஏற்றி வைத்ததெல்லாம் அழிந்துவிடும். உள்ளே இருந்தது அமெரிக்க மருந்துப் பட்டியல். பாரசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்றும், சால்புட்டமாலை அல்புடெரால் என்றும் தேட வேண்டும். இங்கே காய்ச்சலுக்கெல்லாம் எழுதித் தள்ளிய நிமசுலைடு அதில் கிடையாது. அந்த நாட்டில் அதற்கு அனுமதியே இல்லை. அதனால் நம் பிராண்டுகளுக்கு சிம்ஸ் (CIMS) என்ற மருந்து விவரப் புத்தகமும் பக்கத்தில் இருக்கும்.

ஒருநாள் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி, பல் வீக்கத்துக்கு எழுதிய சீட்டோடு வந்தார். அமாக்சிசிலின், கூடவே மெட்ரோனிடசோல் 400, இரண்டும் ஆன்டிபயாடிக். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றேன். "வால்வு மாத்துனதுல இருந்து ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு போடுறேன் தம்பி" என்றார். வார்ஃபரின். மெட்ரோனிடசோலும் அதுவும் சேராது என்று ஏதோ படித்த ஞாபகம், உறுதியில்லை. கைக்கணினியைத் தட்டினேன்.

கூட வந்த மகனுக்குப் பொறுக்கவில்லை. "மருந்து கேட்டா வீடியோ கேம் ஆடுறீங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டு நேரே டாக்டர் அறைக்குப் போய்விட்டார்.

திரையில் தெளிவாக இருந்தது: மெட்ரோனிடசோல் வார்ஃபரினை உடம்பு கழிப்பதைத் தடுக்கும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறும், ரத்தக்கசிவு வரலாம். பல் டாக்டருக்கு போன் போட்டேன். அதை எடுத்துவிட்டு அமாக்சிசிலின் மட்டும் கொடுக்கச் சொன்னார், சில நாளில் ஐஎன்ஆர் பார்க்கவும் சொன்னார்.

மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டாமா என்று இங்கே யாராவது வருவீர்கள். ஐயா, ராக்கில் ஆயிரக்கணக்கில் பெயர் இருக்கிறது. கருவியே எல்லாம் சொல்லிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆச்சியிடம் கேட்காமல் இருந்திருந்தால் அதில் எதைத் தட்டியிருப்பேன்?

இப்போது பார்ப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: "உங்க மாத்திரையோட இது சேருமான்னு பார்த்துக்கிறேன்." பாதிச் சண்டை குறைந்தது.

அன்று எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? "இனிமே ராக்குக்குப் பின்னாடி போய்ப் பாருப்பா" என்றார் டாக்டர். அதைவிட, மகனிடம் என்னைக் காட்டி "நம்ம கம்பவுண்டர்" என்றார். நான் கம்பவுண்டர் இல்லை, பதிவு பெற்ற பார்மசிஸ்ட்; அப்படிப் பதிவு செய்ய 1948-இலேயே பார்மசி சட்டம் வந்துவிட்டது. என் பதிவுச் சான்றிதழ் போட்டோவோடு அவர் அறைக்கு எதிர்ச் சுவரில்தான் தொங்கியது.