வரத்துக்கால் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

கமுதிக்கு அருகே ஒரு கிராமம் என் சொந்த ஊர். கோவையில் வேலை பார்க்கிறேன். ஊரின் பழங்கதையைத் தேடியபோது பழைய நில அளவை வரைபடம் ஒன்று கிடைத்தது. எங்கள் ஊருக்கு வடமேற்கே, இன்று வெறும் கருவேலங்காடாகக் கிடக்கும் இடத்தில், அதில் ஓர் ஊர்ப் பெயர் இருக்கிறது. எண்பது வயதைத் தாண்டிய என் அப்பத்தா, நம் குலசாமி அங்கிருந்துதான் வந்தது என்கிறார். அந்த ஊர் ஏன் அழிந்தது? போரா, கொள்ளைநோயா, தனுஷ்கோடி போல இயற்கைச் சீற்றமா? வெள்ளைக்காரர்கள் தங்கள் தேவைக்காக வரைந்த படத்தை நம்பலாமா? இன்னும் நல்ல படங்கள் எங்கே கிடைக்கும்? இதை வைத்து எங்கள் கோயில் நிலத்தின் எல்லையை நிறுவ முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

தம்பி,

உங்கள் ஊர் நில அளவைத் துறையின் 58 கே/7 என்ற எண்ணுள்ள வரைபடத் தாளில் வரும். உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் விரிந்து கிடந்தது அதற்குக் கிழக்கே அடுத்த தாள். பரமக்குடிக்குத் தெற்கே இருக்கும் என் ஊர் அதில்தான் இருக்கிறது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

கோயில் நிலத்துக்கு இந்தப் படம் உதவாது. ஒரு மைலை ஓர் அங்குலமாக்கிய படத்தில் வயல் வரப்பு தெரியாது. தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடம், ஒவ்வொரு புலத்தின் எல்லையையும் காட்டும் புலப்படம், புல எண் வாரியான நிலக் கணக்கான அ-பதிவேடு பாருங்கள். படங்கள் கிடைக்கும் இடம்: இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படங்களை இன்று இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட யு502 வரிசையை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாகத் தருகிறது. அது அங்குலத்துக்குச் சுமார் நான்கு மைல், ஆகவே பொடியாக இருக்கும். எதை எடுத்தாலும் ஓரத்தில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். அச்சான ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு.

வெள்ளைக்காரர் வரைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு வலித்தது. 1802இல் ஆங்கிலேய அளவர் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே நில அளவைக்கு ஆதாரமான அடிக்கோடு அளந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். சங்கிலியை இழுத்தவர் யார், கருவிப் பெட்டியைத் தலையில் சுமந்தவர் யார்? இருபதாம் நூற்றாண்டில் அங்குலப் படம் வரைந்தபோது முக்காலியில் பலகையை நிறுத்தி வெயிலில் நின்று நிலத்தைக் கோடாக்கியவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டு அளவர்கள். அவர்கள் ஒவ்வோர் ஓடையையும் நடந்து பார்த்தார்கள். நீங்கள் உங்கள் ஊர்க் கண்மாயை ஒருமுறையாவது கரையோடு சுற்றி வந்ததுண்டா? படத்தை நம்பலாமா என்று அதற்குப் பிறகு கேளுங்கள்.

அடுத்து, போரா என்ற கேள்வி. தனுஷ்கோடி 1964 டிசம்பரில் ஒரே இரவில் போனது. உள்நாட்டு ஊர் அப்படிப் போவதில்லை. ராமநாதபுரம் சீமையில் ஓர் ஊர் காலியாவதற்குப் படை வர வேண்டியதில்லை, தண்ணீர் வராமல் போனால் போதும். முதலில் இளவட்டங்கள் போவார்கள், பிறகு மாடுகள், கடைசியில் சாமி. வருவாய்க் கணக்கில் ஆளில்லாத ஊரைப் பேச்சிராக் கிராமம் என்பார்கள். பாரசீகச் சொல், விளக்கில்லாதது என்று பொருள். உங்கள் அப்பத்தா சொல்வது சாமியை ஏற்றிவந்த அந்தக் கடைசி வண்டியைப் பற்றியதாக இருக்கலாம்.

அந்தப் பெயரை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள நீரைப் பாருங்கள். தாளில் சதுரமாகவோ வட்டமாகவோ சிறிதாக இருந்தால் பெரும்பாலும் ஊருணி. வில்லைப் போல வளைந்திருந்தால் கண்மாய். அந்த வில்லைக் கவனியுங்கள். வளைவின் முதுகு கரை, அது பள்ளத்தைப் பார்த்திருக்கும். திறந்த பக்கம் உள்வாய், தண்ணீர் வரும் மேட்டைப் பார்த்திருக்கும். நம் சீமை தட்டையானது, சமவுயரக் கோடுகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் வில்கள் பார்த்து நிற்கும் திசையை வைத்தே நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடலாம். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியக் கட்டிய இடம் கலுங்கு. அங்கிருந்து வழிவது அடுத்த கண்மாய்க்குப் போகும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ராஜசிங்கமங்கலத்தைப் பாடுவார்கள். பெரிய கண்மாயைப் பாடுகிறவர்கள் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் காலை, அதாவது வாய்க்காலை, பாடுவதில்லை.

அந்த வரத்துக்கால்தான் தம்பி நீங்கள் தேட வேண்டியது. தாளில் அது மயிரிழைபோல ஒரு கோடு. பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது.

பல ஆண்டுகளுக்கு முன் இந்தத் தாளின் நகலோடு எங்கள் ஊர்க் கண்மாய்க்கரைக்குப் போனேன். வயல்களுக்குத் தண்ணீர் பிரித்து விடும் நீர்பாய்ச்சி, ஊரின் கடைசி நீர்பாய்ச்சி, உடன் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தாளைக் கரையில் விரித்து நான்கு மூலையிலும் மண்ணாங்கட்டி வைத்தேன். இதில் கிழக்கு எது என்று கேட்டார். காட்டினேன். தாளை அவரே சூரியனுக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டார். பிறகு கண்மாய்க்குள் கோடு நுழையும் இடத்தில் விரலை வைத்து மேற்கே பின்னோக்கி நகர்த்தினார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பெயர் சொன்னார். ஓரிடத்தில் விரல் நின்றது. இங்கே ஒரு கல் இருக்கும், இரண்டு ஊருக்கும் தண்ணீர் பிரிக்கிற கல், இதில் போடவில்லையே என்றார்.

நடந்தோம். முள்ளை வெட்டி விலக்கியபோது கல் இருந்தது, தண்ணீர் மட்டத்துக்கு வெட்டிய கோட்டோடு. அதற்கு மேலே, தண்ணீர் வரும் பக்கத்தில், ஒரு ரோடு குறுக்கே போகிறது. ரோட்டுக்கு அடியில் குழாய் பதித்திருந்தார்கள். குழாயின் அடிமட்டம் காலின் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு முழம் என்பது ஒரு வெள்ளாமை. பெரியவர் குனிந்து குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். ஆட்டுப் புழுக்கையும் சருகும் கையில் வந்தன. ரோடு போட்ட காலத்தில் மனுக் கொடுத்தார்களாம், யாரும் வந்து பார்க்கவில்லையாம். தூர்வார வருகிறவர்கள் எல்லோரும் வயிற்றைத் தோண்டுகிறார்கள், தொண்டையில் அடைத்திருப்பதைப் பார்ப்பதில்லை என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கண்மாய் நிரம்பவில்லை என்று மழையைத் திட்டியே என் அப்பா வயதாகிப் போனார்.

இதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்று வாசகர்கள் சிலருக்குக் கோபம். இருக்கட்டும். கண்மாயை ஆழப்படுத்த மனுக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கால் எங்கே போனது என்று யாராவது கேளுங்கள். அதன் மேல் வீடு இருக்கலாம், செங்கல் சூளை இருக்கலாம், நேராக்கிய வாய்க்காலாகி வேறு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். இன்றைய படத்தையும் பழைய தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கோடு அறுந்த இடம் தெரியும். அந்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். திரையில் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினால் போதாது.

அந்த ஊர் ஏன் அழிந்தது என்று கோவையில் உட்கார்ந்து உங்களாலும் சொல்ல முடியாது, இங்கே உட்கார்ந்து என்னாலும் சொல்ல முடியாது. ஆனால் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் சாமி கதையை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். இன்று இரவே மறுபடி அழையுங்கள். அந்த ஊர்க் கண்மாய்க்கு எந்த ஊர்க் கலுங்கிலிருந்து தண்ணீர் வந்தது, குண்டாற்றிலிருந்து நேராக வந்ததா, கடைசியாக எப்போது நிரம்பியது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களைத் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் கமுதி பஸ் நிலையத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன். கெட்டியான செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள். அந்தக் கருவேல முள் பொல்லாதது.